நேரக் கோடு போட்ட 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்: ஓராண்டு கழித்து ஒரு மதிப்புரை

கடந்த ஆண்டு கோடைத் தொடக்கத்தில், திருச்சியில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்காக இணையத்தில் 549 ரூபாய்க்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். 2 லிட்டர் கொள்ளும்; ஒருபுறம் மில்லிலிட்டர் அளவும், மறுபுறம் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கோடும், ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ‘நிறுத்தாதீர்கள்’, ‘பாதி தாண்டிவிட்டீர்கள்’ என்பது போன்ற ஊக்க வாசகமும் அச்சிட்டிருக்கும். இப்போது எந்தப் பாத்திரக் கடைக்குப் போனாலும் கண்ணில் படுகிற வகைதான். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்த குறை இந்த வகைப் பாட்டில்கள் எல்லாவற்றின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும் ஓர் எண்ணத்தைப் பற்றியது.

பாட்டிலாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. வாய் அகலமானது, கையை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவ முடிகிறது. மூடி இறுக்கமாக உட்காருகிறது. பையில் சாய்த்து வைத்தும் ஒழுகியதில்லை. முதல் பத்து நாட்களுக்குப் பிளாஸ்டிக் வாடை இருந்தது, பிறகு போய்விட்டது. நிரப்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் கனப்பதால் மூட்டு வலி உள்ள பெரியவர்கள் ஒரு கையால் தூக்கிக் குடிக்க முடியாது. உறிஞ்சு குழல் இருப்பதால் மேசையில் வைத்தபடியே குடிக்கலாம். மில்லிலிட்டர் அளவுகளை வீட்டிலிருந்த அளவுக் குவளையால் சரிபார்த்தேன், சரியாகவே இருந்தன. இந்த ஒன்றைப் பின்னால் மறுபடியும் சொல்வேன்.

சிக்கல் நேரக் கோடுகளிலும் பாட்டிலோடு வந்த துண்டுத்தாளிலும் இருந்தது. முழுப் பயன் பெற நாளுக்கு இரண்டு முறை நிரப்பிக் குடிக்க வேண்டும் என்று அந்தத் தாள் சொன்னது. அதாவது 4 லிட்டர். அதிலிருந்த குறியீட்டை ஸ்கேன் செய்தால் இறங்கும் கைபேசிச் செயலி, எடையையும் ஊரின் வெப்பத்தையும் கேட்டு ஓர் இலக்கை நிர்ணயித்தது. வயதைக் கேட்கவில்லை. இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் பற்றி எதுவும் கேட்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியும் இல்லை. வாங்கிக் கொடுத்த நானும் அன்று அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. 34 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கோடு போட்ட தாளில் கோட்டின் மேல்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அவருக்கு, கோடு போட்ட பாட்டில் ஒரு கட்டளை மாதிரி. ஒவ்வொரு கோட்டையும் தொட்டதும் ஒரு நோட்டில் நேரத்தை எழுதி டிக் போட்டார். “இன்னிக்கு ஒன்பது மணிக் கோட்டை அரை மணி முன்னாடியே முடிச்சுட்டேன்” என்று தொலைபேசியில் சொன்னபோது நான் பாராட்டினேன். இரண்டாவது வாரத்தில் அசதி, காலையில் குமட்டல், தலைப் பாரம் என்றார். வெயில்தான் காரணம், இன்னும் கொஞ்சம் கூடத் தண்ணீர் குடிம்மா என்று சொன்னவனும் நான்தான். அதை இங்கே மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், இதே அறிவுரையை இதே நல்லெண்ணத்தோடு இந்தக் கோடையிலும் யாரோ ஒரு மகனோ மகளோ சொல்லிக்கொண்டிருப்பார் என்பதுதான்.

பத்தொன்பதாம் நாள் கொல்லைப்புறத்தில் தடுமாறி விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, பால் வந்துவிட்டதா என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். மேசையில் அந்த நோட்டு இருந்தது. முதல் பக்கங்களில் அச்சுக் கோத்தது போல நின்ற கையெழுத்து, கடைசி நான்கு நாட்களில் கோட்டை விட்டு இறங்கிச் சரிந்திருந்தது. ஒரே தேதி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் டிக் ஒன்றுகூட விடுபடவில்லை.

உறவினர் ஒருவர், பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்றார். நம் ஊரில் அசதி என்றாலே முதலில் வரும் வைத்தியம் அது. நல்ல வேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை, அந்த கிளினிக் பூட்டியிருந்தது. நேராக ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். 5 சதவீத குளுக்கோஸ் என்பது உடம்புக்குள் போனதும் சர்க்கரை எரிந்துபோய் வெறும் தண்ணீராக மிஞ்சிவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் மிகுந்து கிடந்தவருக்கு நரம்பு வழியாக இன்னும் தண்ணீர் ஏற்றியிருப்போம்.

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 119 இருந்தது. 125க்குக் கீழே போனாலே கடுமையான குறைவு என்று கணக்கு. மருத்துவர் முதலில் கேட்டது மாத்திரை அட்டையைத்தான். இரத்த அழுத்தத்துக்காக அம்மா எட்டு மாதமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையில் தயசைடு வகையைச் சேர்ந்த, நீர் பிரியச் செய்யும் மருந்து ஒன்று கலந்திருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஆரோக்கியமான சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போது மணிக்கு ஏறத்தாழ 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீரை வெளியேற்றும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மூளையின் அடியிலிருந்து சுரக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் அடங்கியிருக்க வேண்டும். அது சுரந்துகொண்டிருக்கும் வரை சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலி, குமட்டல், அறுவை சிகிச்சை, நிமோனியா, மூளையில் அடி, சில வகைப் புற்றுநோய்கள், மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை தேவையில்லாத நேரத்தில் அதைச் சுரக்கச் செய்துவிடும். அம்மாவின் குமட்டலே மிகைத் தண்ணீரால் வந்து, அந்தக் குமட்டலே தண்ணீரை இன்னும் பிடித்து வைக்கவும் உதவியிருக்கலாம் என்று அவர் சொன்னது என்னை உலுக்கியது. இரண்டாவது நிபந்தனை, தண்ணீர் தனியாக வெளியேறாது. உணவிலிருந்து வரும் உப்பும் புரதக் கழிவும் அதனுடன் சேர்ந்தே போக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவர் நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வெளியேற்ற முடியும். இரவு இரண்டு இட்லி, பகலில் கொஞ்சம் ரசம் சாதம், இரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பும் குறைவு என்று சாப்பிடுகிறவருக்கு அந்த எல்லை மூன்று நான்கு லிட்டருக்குச் சுருங்கிவிடும். தயசைடு மருந்து, சிறுநீரை நீர்க்கச் செய்யும் திறனையே குறைப்பதால் அதையும் இன்னும் கீழே இறக்கும். அப்படிப்பட்டவரின் கையில்தான் 4 லிட்டர் கணக்குப் பாட்டிலைக் கொடுத்திருந்தேன்.

வெளியேற முடியாத தண்ணீர் இரத்தத்தை நீர்க்கச் செய்து, உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. கைகால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும்; மூளை வீங்கினால் மண்டையோடு இடம் கொடுக்காது. சில மணி நேரத்தில் நடந்தால் வலிப்பும் நினைவிழப்பும் உயிரிழப்பும் நேரலாம். நாள்கணக்கில் மெதுவாக நடந்தால் மூளை ஓரளவு பழகிக்கொள்ளும்; அப்போது தடுமாற்றம், மறதி, அசதி என்று முதுமையின் அடையாளங்களைப் போலவே தெரியும். பழகிக்கொண்ட அந்த மூளையால்தான் சிகிச்சை கடினமாகிறது.

அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த நிதானத்தை இந்த மதிப்புரையில் பதிவு செய்தே ஆக வேண்டும். உப்புக் குறைவு என்றால் உப்பை ஏற்றி உடனே சரிசெய்துவிடலாம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மருத்துவர் அதற்கு நேர் மாறாக, சோடியம் 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் உயரக் கூடாது என்று படுக்கைக் குறிப்பில் எழுதிவைத்தார். வேகமாக உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை சிதைந்து, சில நாட்கள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் கைகால் அசைவும் போய்விடக்கூடும். மனக்குழப்பம் இருந்ததால் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில், ஒரு முறை மட்டும், இயந்திரத்தின் வழியாகச் செலுத்தினார்கள். தயசைடு மாத்திரையை நிறுத்தினார்கள். குடிக்கும் திரவம் முழுவதும் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் என்று வரையறுத்தார்கள். இரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் சோதனைக்குப் போயின. தைராய்டும் அட்ரீனல் சுரப்பியும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள்.

அன்றிரவு செவிலியர் ஒருவர் மணிக்கொரு முறை சிறுநீர்ப் பையின் அளவைக் குறித்துக்கொண்டே இருந்தார். மருந்து நின்றதும் சிறுநீரகம் திடீரென்று விழித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டத் தொடங்கினால் சோடியம் தானாகவே எகிறிவிடும் என்பதுதான் காரணம். அப்படி எகிறினால் திரும்பத் தண்ணீரை ஏற்றி அதை நிறுத்துவதற்காக, கம்பியில் ஒரு பாட்டில் 5 சதவீத குளுக்கோஸும் தயாராகத் தொங்கியது. அன்று பகலில் எங்களுக்கு ஆபத்தாக இருந்திருக்கக்கூடிய அதே பாட்டில், அளவு தெரிந்தவர்கள் கையில் காவலாக நின்றது. அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. மறுநாள் 126, அடுத்த நாள் 131, ஐந்தாம் நாள் 135. நான்காம் நாள் காலையில் அம்மா பத்திரிகையைக் கேட்டு வாங்கிக் குறுக்கெழுத்தை நிரப்பத் தொடங்கினார்.

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் உணவு, சத்துணவு வாரியம் 1945இல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்தவருக்கு நாளுக்கு 2.5 லிட்டர் என்ற அளவு இருக்கிறது. அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்று அடுத்த வரியே சொல்கிறது. பாட்டில்காரர்களுக்கு முதல் வரி மட்டும் எட்டியிருக்கிறது. வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ரசமும் மோரும் காப்பியும் சேர்த்தால் நம் சாப்பாட்டுத் தட்டே ஒரு பெரிய குடம். 2022இல் 23 நாடுகளைச் சேர்ந்த 5,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து வெளியான ஆய்வு, ஒருவரின் உடலில் நாளொன்றுக்குப் புழங்கும் தண்ணீரின் அளவு வயது, உழைப்பு, உடல்வாகு, வெப்பம், வாழ்நிலை ஆகியவற்றுக்கேற்பப் பெரிதும் மாறுவதைக் காட்டியது. எல்லாருக்கும் பொதுவான ஒரு கோட்டை அச்சடித்து விற்பதற்கு அதில் இடமே இல்லை.

இதே பாட்டில் உடற்பயிற்சிக் கூடங்களில் வியர்க்க வியர்க்க ஓடுகிறவர்களுக்கும் விற்கப்படுகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான், அதாவது வியர்த்ததற்கும் மேலாகக் குடித்தவர்களிடம்தான், அது மிகுதியாகத் தெரிந்தது. தாகத்துக்குக் குடிப்பதே ஓட்டக்காரர்களுக்கு இப்போது தரப்படும் அறிவுரை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அலுவலக நண்பர் ஒருவர் நான் வாங்கியதைப் பார்த்து இதே பாட்டிலை வாங்கினார். எப்போதும் தாகமாக இருந்த அவர் மதியத்துக்குள் 2 லிட்டரை முடித்துவிட்டு, செயலி காட்டும் பச்சை நிறத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு பரிசோதனை செய்துகொண்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 280. அவருடைய மிகைத் தண்ணீர் நோயின் அறிகுறி. பாட்டில் அதைச் சாதனையாக எண்ணிக்காட்டியது. சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் தாகம் தானாகத் தணிந்தது. தாகம் அடங்காமல் குடிப்பவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. வாசோபிரெசின் குறைந்துபோனவர்களும், லித்தியம் போன்ற மருந்தால் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாமல் போனவர்களும் குடம் குடமாகச் சிறுநீர் கழித்துக் குடம் குடமாகக் குடிப்பார்கள். இவர்களுக்குத் தண்ணீரை நிறுத்துவது பேராபத்து. முதல் வகையினருக்கு டெஸ்மோபிரெசின் என்ற மருந்து இருக்கிறது. சில மாத்திரைகள் வாயை உலர்த்திக் குடிக்கத் தூண்டும். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் சிலர், குழாயைக் கண்டால் விடாமல் குடிப்பார்கள். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, காலையும் மாலையும் எடை பார்த்து, மனநல மருத்துவர் சொல்லும் முறைப்படி கவனிக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். பால்மாவில் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்துக் கரைப்பதாலும் வலிப்பு வரலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தண்ணீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குக் குடிக்கத்தான் வேண்டும். வெயிலில் சாலை போடுகிறவர்களுக்கும் வயலில் நிற்கிறவர்களுக்கும் தண்ணீர் போதாமல் போவதே பெரிய ஆபத்து. வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ். கரைக்கும்போது பொட்டலத்தில் போட்ட அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். நீர்க்கக் கரைத்தால் உப்பின் பயன் போய்விடும். இவர்களில் யாருக்கும்கூட, தாகத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்து முடிவு செய்வதைவிடக் கடிகாரத்தைப் பார்த்துக் குடிப்பது மேல் என்று நான் நினைக்கவில்லை.

பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று வாரங்களுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்ற கட்டுப்பாடு தொடர்ந்தது. காப்பி, மோர், ரசம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு லிட்டரைக் கணக்கு வைப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது இந்தப் பாட்டிலின் மில்லிலிட்டர் கோடுகள்தான் கைகொடுத்தன. காலையில் ஒரு லிட்டர்க் கோடு வரை நிரப்பி வைப்போம். அம்மா 150 மில்லி காப்பி குடித்தால் பாட்டிலிலிருந்து 150 மில்லியைச் செடிக்கு ஊற்றிவிடுவார். மீதி எவ்வளவு என்பது கண் முன்னே நின்றது. நேரக் கோடுகளின் மேல் மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக ஒட்டினேன். அதன் மேல் அம்மா தன் கையாலேயே ‘1 லிட்டர், அதற்கு மேல் இல்லை’ என்று எழுதினார். எழுத்து நேராக நின்றது. இப்போது கட்டுப்பாடு இல்லை, தாகத்துக்குக் குடிக்கிறார், தயசைடுக்குப் பதிலாக அம்லோடிபின் என்ற வேறொரு இரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்கிறார், சோடியம் 138.

மதிப்பெண் என்று கேட்டால், பாட்டிலின் தரத்துக்கும் அளவுக் கோடுகளின் துல்லியத்துக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நேரக் கோடுகளுக்கும் துண்டுத்தாளுக்கும் செயலிக்கும் ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. நீர் பிரியும் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயம், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், குறைவாகச் சாப்பிடும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதன்படி குடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கும்படி விற்பனைப் பக்கத்தில் எழுதினேன். அந்தக் கருத்தை வெளியிட்டார்கள், பாட்டிலில் இன்னும் மாற்றமில்லை. வாங்க நினைப்பவர்கள், இதே விற்பனையாளரிடம் நேரக் கோடு இல்லாமல், மில்லிலிட்டர் அளவு மட்டும் உள்ள பாட்டில் 449 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூடியும் குழலும் ஒன்றேதான், அதை வாங்குங்கள்.